தகப்பன் எங்கே என்று கேட்டால்

பக்கத்து வீட்டுக்காரியான அவளைக் கூட்டிக்கொண்டு ஓர் அரசாங்கக் கந்தோருக்குப் போவதென்றால் முதல் நாளே நான் புறுபுறுக்கத் தொடங்கிவிடுவேன். அவளுக்குச் சிங்களம் மீன் விலை பேசுகிற அளவுக்குத்தான் வரும். நானோ சின்ன வயதில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து சிலாபத்தில் மாமி வீட்டில் வளர்ந்து, கல்யாணம் கட்டிக் கற்பிட்டிப் பக்கம் வந்தவள். சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனால் கற்பிட்டிக்கோ புத்தளத்துக்கோ ஓர் அலுவலாகப் போனால் கதைக்கிற வேலை என் தலையில்தான் விழும்.

அவளுடைய மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு கடிதம் தேவைப்பட்டது. அதை எடுக்கப் போனபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சிங்களத்தில் முதல் கேள்வியாகவே கேட்டார்: "பிள்ளையின் தகப்பன் எங்கே?"

எனக்கு எதையும் கொஞ்சம் மெழுகிக் கதைக்கத் தெரியும். "வெளிநாட்டில, சேர்" என்றேன். அது பாதி உண்மைதான். அவரும் தலையாட்டிவிட்டு எழுதப் போனார். பக்கத்தில் இருந்தவளுடைய காதில் 'பிட்டரட்ட' என்ற சிங்களச் சொல் விழுந்துவிட்டது. என்னை அவள் அக்கா முறையில் ராத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"ராத்தா, என்ன சொன்னீங்க? வெளிநாடு எண்டா?"

"ஓம் புள்ள. அவன் இத்தாலியிலதானே? பொய்யா சொன்னேன்?"

"அவன் எங்க கிடந்தா எங்களுக்கென்ன? அவர் எங்கட வீட்டைப் பத்திக் கேக்கிறார். கலியாணம் கட்டல்ல, அந்த ஆள் எங்களோட இல்ல, புள்ளைக்குப் பொறுப்பு நான்தான் எண்டு சொல்லுங்க."

நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். பின்னால் வரிசையில் ஊர்ச்சனம் நின்றது. அவள் விடவில்லை. "சத்தமாச் சொல்லுங்க ராத்தா, அவருக்குக் கேக்கல்ல போல" என்றாள். சத்தமாகச் சொன்னேன். வரிசையில் நின்ற தலையெல்லாம் எங்கள் பக்கம் திரும்பியது. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது. அவளோ மகளின் தலையில் கையை வைத்துக்கொண்டு, அடுத்த கேள்வி என்ன என்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. வேண்டியவர்களிடம் வேண்டிய நேரத்தில் தன் பெயரைத் தானே சொல்லத் தெரிந்தவள் அவள். நான் மன்னாருக்குத் திரும்பி வந்து சில வருஷமாகிறது. இங்கே யாராவது ஒரு பெண் ஒரு மேசைக்கு முன்னால் குரலைத் தாழ்த்துவதைப் பார்த்தால் எனக்கு உடனே அவள் ஞாபகம்தான் வரும்.

ஆள் கட்டை. கறுப்பு. தொண்டை மட்டும் ஆளுக்குப் பொருந்தாத அளவு பெரிது. கற்பிட்டிக்குப் போகிற வழியில், கடற்கரையோரம், கருவாடு போடுகிற கொட்டிலான வாடியில் வேலை செய்தாள். பாவாடைக்கு மேல் ஓர் ஆம்பிளைச் சேட்டு, தலையில் துவாய், உப்பிலும் மீன் முள்ளிலும் வெடித்துப்போன கைகள். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, மீன் போடுகிற பிளாஸ்டிக் பெட்டியொன்றைக் கழுவி, சீலை விரித்து, அதற்குள் கிடத்திவிட்டு வேலை செய்வாள். கை கட்டா மீனைக் கீறும். கால் பெட்டியை ஆட்டும். இலையான் மொய்க்காமல் இருக்க நுளம்பு வலைத் துண்டொன்றை மேலே கட்டியிருப்பாள். யாராவது "பாவம், அந்தப் புள்ள" என்று சொல்லிவிட்டால் போதும், கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்துவிடுவாள்.

"என்ன பாவம்? தாய் பக்கத்தில இருக்கா, நிழல் இருக்கு, காத்து இருக்கு. உங்கட புள்ளைக்கு இதுக்கு மேல என்ன இருக்கு?"

அவள் சொந்த ஊர் உடப்புப் பக்கம். கல்யாணமாகாத பெட்டையாகக் கற்பிட்டிக் கரைக்கு வாடி வேலைக்கு வந்தவள். அந்தப் பருவத்துக்கு நீர்கொழும்புப் பக்கமிருந்து கரைவலை இழுக்க வந்தவர்களில் மகளின் தகப்பனும் ஒருவன். பருவம் முடிந்து மற்றவர்கள் வலையையும் பாத்திரங்களையும் லொறியில் ஏற்றியபோது அவனும் ஏறிப்போனான். அடுத்த பருவத்துக்கு வருவதாகச் சொன்னான். அவள் மூன்று மாதம் என்பதும் அவனுக்குத் தெரியும். பிறகு வந்த செய்தி, அவன் இத்தாலிக்குப் போய்விட்டான் என்பதுதான்.

பிள்ளைப்பேற்றுக்கு அவள் தாய் வீட்டுக்குப் போனாள். அங்கே அண்ணன் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். பிள்ளையைத் தன்னுடைய பெயரிலும் மனைவியுடைய பெயரிலும் பதிந்துவிடுவது. ஊருக்கு அது அண்ணன் பிள்ளை. இவளுக்கு வேறு இடத்தில் மாப்பிள்ளை பார்க்கலாம். அண்ணன் கெட்ட மனிதர் இல்லை, மானத்துக்குப் பயந்தவர். ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்து, இவளுக்குக் கண் சொருகிக்கொண்டு கிடந்த நேரத்தில் அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஏற்பாட்டை நயமாகச் சொல்லியிருக்கிறா.

"அண்ணி, புள்ளப் பெறுற நோ வந்தது உங்களுக்கா எனக்கா?" என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"உனக்குத்தான்."

"அப்ப பேரும் எனக்குத்தான்."

அவ்வளவுதான் கதை. பிள்ளையோடு ஒரு மாதத்தில் திரும்பி எங்கள் கரைக்கு வந்துவிட்டாள். என் வீட்டுக்குப் பக்கத்தில் தென்னங்கிடுகு வேலி அடைத்து, ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும் போட்டுக்கொண்டாள். இதை எனக்குச் சொல்லும்போதும் அண்ணனைத் திட்டவில்லை. "நான் தாயில்ல எண்டு காட்டித்தான் என்ட புள்ளைய வாழ வைக்க வேணுமெண்டா அது என்ன வாழ்க்கை ராத்தா" என்று மட்டும் சொன்னாள்.

எங்கள் கரையில் இல்லாத புருஷனுக்கு ஒரு மரியாதையான வழி உண்டு. கடலில் போய்விட்டான் என்று சொல்லிவிடலாம். எந்தக் கந்தோரிலும் எந்தக் கல்யாண வீட்டிலும் அதற்கு மேல் ஒரு கேள்வி வராது. கேட்டவர்களே "ச்சா" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். எனக்குத் தெரிந்தே அப்படிக் கடலில் போன இரண்டு பேர் கொழும்பில் வேறு குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கிறார்கள். நானும் அவளுக்கு அந்த வழியைத்தான் சொல்லிப் பார்த்தேன்.

"கடலை ஏன் கொலைகாரனாக்கணும்?" என்றாள். "கடல் எனக்குச் சோறு போடுது. அவன் போட்டானா?"

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அவள் ஊர் வாயை மூடப் பார்க்கவே இல்லை. திறந்த வாயிடம் நேராகப் போய் நின்றுகொள்வாள். மகள் ஆறு வயதில் கல்லெறிந்து ஒரு திரீவீலின் பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டாள். திரீவீல்காரர் வாசலில் வந்து நின்று, "இந்தப் புள்ளையைக் கேக்கப் பாக்க வீட்டில ஒரு ஆம்பிளை இல்லையா?" என்று கத்தினார்.

இவள் மீன் செதிள் ஒட்டிய கையோடு வெளியே வந்தாள். "கேக்கவும் நான், பாக்கவும் நான். கண்ணாடிக்கும் நான்தான் பதில் சொல்லணும். உங்களுக்கு ஆம்பிளைதான் வேணுமெண்டா வேற வீடு பாருங்க."

கண்ணாடியை வாங்கிக் கொடுத்தாள். அது மட்டுமா, மகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தத் திரீவீலை ஒரு பின்னேரம் முழுக்கக் கழுவித் துடைக்கவும் வைத்தாள். கடைசியில் திரீவீல்காரரே "போதும் தங்கச்சி, பெயின்ட் போகப்போகுது" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. அதன் பிறகு அந்த மனிதர் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போனதும் உண்டு.

எனக்கு அவளில் ஆத்திரமும் வரும். ஒரு சின்னப் பொய் சொன்னால் கால்மணித்தியாலத்தில் முடிகிற அலுவலுக்கு அவளுடன் போய் அரைநாள் நின்றிருக்கிறேன். 'இவளுக்கு வீம்பு' என்று என் மனுஷனிடம் புறுபுறுத்திருக்கிறேன். ஆனால் அவள் வேலிக்கு அப்பால் நின்று "ராத்தா, இருக்கிறீங்களா?" என்று கூப்பிட்டால், ஆத்திரமெல்லாம் எங்கே போகிறதென்று தெரியாது. எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும்.

மகளுக்கு எட்டு வயதான வருஷம் அவன் வந்தான்.

ஒரு வேன் வந்து கரையில் நின்றது. அவனும் அவனுடைய தாயும் இறங்கினார்கள். நேரே அவள் வீட்டுக்கு வரத் துணிவில்லாமல், கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரிடம் போனார்கள். அவனும் அவளும் முன்பு அவரிடம்தான் வேலை செய்தார்கள். கரையில் ஒரு பிணக்கென்றால் எல்லாரும் அவரிடம்தான் போவார்கள். அவர் ஆளனுப்பி அவளைக் கூப்பிட்டார். அவள் என்னைக் கூப்பிட்டாள்.

வந்த செய்தி நல்ல செய்தி என்றுதான் கரை முழுக்க நினைத்தது. அவன் கல்யாணத்தைப் பதிய வந்திருக்கிறானாம். பிள்ளைக்குத் தகப்பன் பெயர் கிடைக்கப் போகிறதாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அலுமாரியைத் திறந்து எந்தச் சாரியை அவளுக்குக் கொடுக்கலாம் என்று பார்த்துவிட்டுத்தான் புறப்பட்டேன். அவள் சேட்டோடும் துவாயோடும் அப்படியே வந்தாள்.

சம்மாட்டியாரின் கொட்டிலில் கதிரைகள் போட்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி, அப்போதுதான் கரையேறிய வலையிலிருந்து ஆட்கள் மீன் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் தடித்திருந்தான், நல்ல உடுப்பு. அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனுடைய தாய்தான் கதைத்தா.

"நடந்தது நடந்து போச்சு, மகள். இவன் கலியாணத்தை எழுதுறதுக்குச் சம்மதம். உங்களுக்கு ஒரு செலவுமில்லை. எங்கட ரத்தம் இப்பிடிப் பேரில்லாம கிடக்கக் கூடாது."

"என்ட மகளுக்குப் பேர் இருக்கு" என்றாள் இவள். "எழுதின பிறகு என்ன?"

"பிறகென்ன, கௌரவம்தான்."

"அதில்ல. எழுதின பிறகு இவர் இங்க இருப்பாரா?"

அவன் தாய் சம்மாட்டியாரைப் பார்த்தா. "அவனுக்கு அங்க வேலை இருக்கே. பிள்ளையை முதலில எங்கட வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறம். கடதாசி சரிவந்தவுடனே இத்தாலிக்கு. இந்தக் கருவாட்டு நாத்தத்துக்குள்ள வளர்ந்து என்ன காணப் போகுது? உங்களுக்கும் இளவயசு. நீங்க உங்கட வாழ்க்கையைப் பாக்கலாம்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர்கள் தங்கள் பேரில் எழுத வந்தது பிள்ளையை. கல்யாணம் அதற்கு ஒரு கடதாசி. அதற்குப் பிறகும் கொட்டிலில் இருந்த பெரியவர்கள் தலையாட்டினார்கள். தகப்பன்தானே, உரிமை இருக்கத்தானே செய்யும் என்றார் ஒருவர். சம்மாட்டியாரும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "யோசிச்சுப் பார் பிள்ளை. படிப்பு, வெளிநாடு... உன்னால குடுக்க ஏலுமா?" என்றார்.

அவள் எழும்பி நின்றாள்.

கரைவலையில் ஒரு சட்டம் உண்டு. வலையை இழுக்கும்போது கயிற்றில் கை வைத்தவருக்குத்தான் பங்கு. மீன் நிறைந்த மடி, அதாவது வலையின் பைப்பகுதி, கரையேறிய பிறகு ஓடி வந்து கயிற்றைப் பிடிப்பவனுக்கு, அவன் சொந்தத் தம்பியாக இருந்தாலும், சம்மாட்டி பங்கு கொடுக்க மாட்டார். கறிக்கு நாலு மீனை அள்ளிக் கொடுத்தால் அது அவருடைய பெரிய மனது.

"சம்மாட்டியார்" என்றாள், "மடி கரைக்கு வந்த பிறகு வந்து நிக்கிறவனுக்கு நீங்க பங்கு குடுப்பீங்களா?"

அவருக்கு முகம் சிவந்தது. "பிள்ளையும் மீனும் ஒண்டா?"

"இல்ல. மீனுக்கே நீங்க குடுக்க மாட்டீங்க."

மீன் பிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தன் சிரித்துவிட்டான். சம்மாட்டியார் அவனைத் திட்டுவார் என்று பார்த்தேன். அவர் குனிந்து காலடி மணலைப் பார்த்தார். அப்போதுதான் பிள்ளையின் தகப்பன் முதல்முறையாக வாய் திறந்தான். "சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. தகப்பனுக்கு உரிமை இருக்கு. நான் லோயரோட வாறன்." வேன் போய்விட்டது.

அன்று பின்னேரம் வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிடாமல், அவள் என் வீட்டுக்குள்ளேயே வந்து குசினி வாசலில் குந்தினாள். மகளைத் தன் பக்கத்திலேயே இருத்தி, பாவாடை நுனியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது வெட்கமாக இருந்தது.

"ராத்தா, சட்டம் அவன்ட பக்கமா?"

எனக்கு என்ன தெரியும்? நானும் மற்றவர்களைப் போலத்தான் நினைத்திருந்தேன். "தகப்பன்தானே புள்ள" என்றேன். பாவாடை நுனியைப் பிடித்திருந்த பிள்ளையின் கையை அவள் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். அவள் பயந்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான். இந்த எட்டு வருஷமும் அவள் நிமிர்ந்து நடந்தது, சட்டம் தன் பக்கம் என்று நினைத்து அல்ல. ஒருநாள் யாராவது வந்து பிள்ளையைக் கேட்டால் கொடுக்க வேண்டி வருமோ என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டேதான். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"மன்னாரில என்ட சாச்சி வீடு இருக்கு" என்றேன். "கொஞ்ச நாளைக்குப் புள்ளயக் கொண்டு போய் வைப்பம். ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் மூக்கைச் சிந்திவிட்டு எழும்பினாள். "களவெடுத்தவள்தான் ஒளிக்கணும். நாளைக்கு முதல் பஸ்ஸில புத்தளத்துக்குப் போவம்."

புத்தளத்தில் ஏழைகளுக்கு இலவசமாக வழக்குப் பார்க்கிற ஒரு சட்டத்தரணி அம்மா இருந்தா. தமிழ் பேசுகிறவ, ஆகவே எனக்கு வேலையில்லை. மூன்று பேரும் போய் முன்னால் இருந்தோம். அவ முதல் கேட்டது, "கலியாணம் பதிஞ்சதா?"

"இல்ல" என்றாள் இவள், அதே தொண்டையில். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நல்லதாப் போச்சு" என்றா அந்த அம்மா.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"கலியாணம் கட்டாத தாய்க்குப் பிறந்த பிள்ளைக்குச் சட்டப்படி பாதுகாவலர் தாய்தான். தாய் மட்டும்தான். அவர் வழக்குப் போட வேணுமெண்டா போடட்டும், கோட்ஸ் பிள்ளைக்கு எது நன்மையோ அதைத்தான் பார்க்கும். தகப்பன் எண்டு சொல்லிக்கொண்டு வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக ஏலாது. பார்க்க வாறதெண்டாலும் உங்களைக் கேட்டுத்தான் வர வேணும்."

"நேத்து நான் கலியாணத்துக்குச் சம்மதிச்சிருந்தா?"

"அப்ப பிள்ளை கலியாணத்துக்குப் பிறந்த மாதிரி ஆகியிருக்கும். முதல் உரிமை தகப்பனுக்கு எண்டு அவங்கட லோயர் நிண்டு வாதாடியிருப்பார். நீங்கதான் கோட்ஸுக்கு அலைஞ்சிருப்பீங்க."

சாரி தேடி அலுமாரியைக் கிளறியவள் நான். எட்டு வருஷமாக எதைச் சொல்லி ஊர் அவளைக் குத்தியதோ, அதுதான் பிள்ளையை அவளுடைய கைக்குள் வைத்திருந்தது. அவள் அழுவாள், அல்லது அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது கோபம்.

"அப்ப இவ்வளவு காலமும் ஒவ்வொரு மேசையிலயும் தகப்பன் எங்க, தகப்பன் எங்க எண்டு என்னத்துக்குக் கேட்டாங்க?"

அந்த அம்மா பேனையை மூடி வைத்தா. "பழக்கம்" என்றா பிறகு.

"நல்ல பழக்கம்!" என்றாள் இவள். பஸ் நிலையம் வரைக்கும் வாய் மூடவில்லை. மகளை ஒரு கையிலும் என்னை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கந்தோரையும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டு நடந்தாள். பஸ்ஸில் ஏறியதும் மகளை மடியில் இருத்தி இறுக்கிக் கட்டிப்பிடித்தாள். பிள்ளை "அம்மா, மூச்சு முட்டுது" என்றது. வீடு வந்து சேரும்வரை அவள் பிடியை விடவில்லை.

அவன் லோயரோடு வரவில்லை. யாரோ அவனுக்கும் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த கிழமை ஒரு மத்தியானம் தனியே வந்தான். தாயும் இல்லை, வேனும் இல்லை. மகள் வேலிப் படலையடியில் சிப்பி அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், அவனைக் கண்டதும் காய்ந்த உடுப்பையே திரும்பவும் எடுத்துக் கொடியில் போட்டேன்.

அவன் படலைக்கு வெளியே குனிந்து நின்று, "மகள், நான் ஆர் எண்டு தெரியுமா?" என்று கேட்டான்.

பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. "தெரியும். நீங்க என்ட அப்பா. நான் பிறக்க முந்தி அம்மாவ விட்டுட்டுப் போனவர். அம்மா சொல்லி இருக்கா."

அதைச் சொன்னதில் கோபமோ கூச்சமோ இல்லை. கடை எந்தப் பக்கம் என்று கேட்டவருக்கு வழி சொல்கிற மாதிரித்தான் சொன்னது. அவன் நிமிர்ந்தான். உள்ளே வருவதற்காகப் படலையில் கையை வைத்தான்.

"இருங்க" என்று பிள்ளை எழும்பிப் படலையைச் சாத்திக் கொழுவியது. "உங்கள உள்ள விடலாமா எண்டு அம்மாட்டக் கேட்டுட்டு வாறன்."

அவன் உச்சி வெயிலில் நின்றான். குசினிப் பக்கம் மீன் வெட்டுகிற சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்துத்தான் அவள் குரல் வந்தது, வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கும், படலைக்கு வெளியே அவனுக்கும் கேட்கும்படி.

"வரச் சொல்லு மகள். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வரச் சொல்லு."

பிள்ளை ஓடி வந்து அதை அப்படியே சொன்னது. அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு சுடு மணலில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து சப்பாத்து நூலை அவிழ்க்கத் தொடங்கினான்.